வீட்டு மெயிலில் வந்த வரிகள்

முத்துக்கனிக்குச் சினம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அவள் கணவன் பொன்னுலிங்கம் இதை மணமான புதிதிலேயே அறிந்துகொண்டவன். மனைவியின் குரல் உயர்ந்தால் அது வெறும் சத்தம்; தாழ்ந்தாலோ வீட்டில் இருப்பதைவிடப் புதுக்கடை ஊர்ச் சந்தையில் தன் வாழைக்குலைகளுக்கு நடுவே இருப்பது நல்லது என்பது அவன் பட்டு அறிந்த உண்மை. ஆனால் அந்த இரண்டாம் சனிக்கிழமை மாலையில் அவள் குரல் தாழ்ந்தபோது பொன்னுலிங்கம் அருகில் இல்லை. வாசகர் வட்டத்தின் உறுப்பினர்களே இருந்தனர். அவர்களுக்கு அந்த அனுபவம் இல்லாமையால், நடக்கப்போவதை அறியாமல் சிலர் சிரித்துவிட்டனர்.

கூட்டம் தையல் பயிற்சி நிலையம் ஒன்றின் மாடியில் நடந்தது. தையல் இயந்திரங்களைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். அன்றைக்கு ஒரு நாவலைப் பற்றிப் பேச வேண்டியவள் முத்துக்கனி. வட்டத்தில் சேர்ந்து ஓராண்டுக்கு மேலாகியும் அவள் எழுந்து நின்று பேசுவது அதுவே முதல் முறை. நூலின் பின்னணி, கதைமாந்தர், மொழிநடை என்று முறையாகப் பகுத்துக்கொண்டு வந்திருந்தாள். முன்னுரை தடையின்றிச் சென்றது.

"இந்த நாவலின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை ஒரே ஒரு வரியால் காட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் தான் குறித்து வைத்த வரிகளைப் பார்க்கக் கைக்கணினியான தன் டேப்பைத் திறந்தாள்.

அந்த வரி அங்கே இல்லை.

அதற்கு முந்தைய வரி இருந்தது; பிந்தைய வரியும் இருந்தது. இரண்டுக்கும் இடையில் இருந்தது மட்டும் இல்லை. விரலால் மேலே தள்ளினாள், கீழே இழுத்தாள், தேடுபெட்டியில் எழுத்தைத் தட்டினாள். நேரம் கடந்துகொண்டிருந்தது. சுவரோரத்துத் தையல் இயந்திரங்களும் தன்னையே பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது.

"நெதானமா பாருங்க அக்கா. அங்கதான் கெடக்கும்" என்றார் வட்டத்தின் அமைப்பாளர் ஜான்ரோஸ். மின்வாரியத்தில் வேலை செய்பவர். புதிய செயலி எதுவானாலும் முதலில் தாம் பழகிப் பார்த்துவிட்டுப் பிறருக்குச் சொல்லும் வழக்கமுடையவர்.

"வரி கெடைக்கல்லன்னா சாரமில்ல, போவட்டும், கதையச் சொல்லிட்டு இருங்க" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார். அப்போதுதான் சிலர் சிரித்தனர்.

முத்துக்கனி டேப்பை மூடினாள். குரல் தாழ்ந்தது.

"ஜான்ரோஸ் சாரே. இந்த ஆப்பு நல்லதுன்னு சொன்னது ஆரு?"

"நான்தான் அக்கா. ஆனா..."

"நான் பேர் தெரியாத நாட்டுக்காரன் உண்டாக்கின சாமானத்த நம்பல்ல. ஒங்கள நம்பினேன். கதையச் சொல்லிட்டுப் போகதுக்கு நான் என்ன சினிமா பாத்துட்டு வந்த ஆளா?"

இவ்வளவு சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை பேர் வற்புறுத்தியும் எழுந்திருக்கவில்லை. இறுதியில் வேறொருவர் வேறொரு நூலைப் பற்றிப் பேச, கூட்டம் ஒருவாறு முடிந்தது.

காணாமற்போன அந்த வரி இதுதான்:

"அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் நிறுத்தவில்லை. ஒரு நாள் காலையில் அவளுடைய சோற்றுப் பாத்திரம் வேறொரு பைக்குள் இருந்தது, அவ்வளவுதான்."

இதை முதன்முறை வாசித்தபோது முத்துக்கனி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள். அவ்வரிக்கு மஞ்சள் வண்ணம் பூசி, பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினாள்: "எனக்கும் இப்படித்தான். ஒன்பதாம் வகுப்பு. அந்தப் பை, அண்டி ஆபீசுக்குப் போகும் பை. அதே காலையில் சுயம்பு அதே பள்ளிக்கூடத்துக்குப் போனான்."

முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையை அந்தப் பக்கத்தில் அண்டி ஆபீஸ் என்பார்கள். சுயம்பு என்பது அவளுடைய தம்பி சுயம்புராஜ். அவன் பின்னாளில் தொழிற்கல்வி பயின்று மஸ்கட்டுக்குச் சென்று, நாகர்கோவிலில் வீடு கட்டியவன். முத்துக்கனியோ, கைகளில் முந்திரித் தோட்டின் கறை மங்கிப் பல ஆண்டுகள் ஆன பின்னர், நாற்பது வயதுக்கு மேல், தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பை எழுதித் தேறினாள். பின்பு பன்னிரண்டாம் வகுப்பிலும் தேறினாள். இப்போது தொலைநிலைக் கல்வியில் இளங்கலைத் தமிழ் பயில்கிறாள். பிறர் பொழுதுபோக்க வாசிப்பார்கள். அவளோ பறிகொடுத்ததைத் திரும்ப எடுப்பவளைப் போல வாசித்தாள். ஆகவே, ஒரு வரிக்கு வண்ணம் பூசுவது அவளுக்கு விளையாட்டன்று.

அவ்வரிகளை எந்தச் செயலியில் சேர்த்து வைப்பது என்பதில் அவள் பட்ட பாடும் சிறிதன்று. முதலில் தேர்ந்த செயலி வண்ணக்குறிகளை அழகாகச் சேமித்தது; ஆனால் வெளியே எடுத்துப் பார்த்தால் தமிழ் எழுத்துகளின் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாகச் சிதறிக் கிடந்தன. இரண்டாவது செயலி எழுத்தைச் சிதைக்கவில்லை. ஆனால் சேமித்ததை மீண்டும் ஒருபோதும் கண்ணில் காட்டவில்லை. பரணில் ஏற்றிய பழம்பாத்திரம் போல வரிகள் அங்கே கிடந்தன. "வாசிச்சதத் திரும்பத் திரும்ப நம்ம முன்னால கொண்டு வச்சாத்தான் அக்கா ஓர்மையில நிக்கும்" என்று ஜான்ரோஸ் மூன்றாவதைச் சொன்னார். அந்தச் செயலி நாள்தோறும் காலையில், சேமித்த வரிகளிலிருந்து ஐந்தைப் பொறுக்கி, அவற்றின் குறிப்புகளோடு மின்னஞ்சலில் அனுப்பும். ஒவ்வொரு வரியின் கீழும் "வைத்திரு" என்றும் "நீக்கு" என்றும் இரண்டு சிறு பொத்தான்கள் இருக்கும். தேர்வுக்குப் படிப்பவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? முத்துக்கனி அதையே தேர்ந்தாள். பழையனவற்றையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அதில் ஏற்றினாள். அந்த உழைப்பில்தான் இப்போது ஓட்டை விழுந்திருந்தது.

கூட்டம் முடிந்து வீடு வந்தவளிடம் பொன்னுலிங்கம் கேட்டான்: "என்னட்டி, கை தட்டினாவளா?"

அவள் நேரே அடுக்களைக்குப் போனாள்.

"தட்டல்லியா?"

"சோறு எடுத்து வச்சிருக்கு. போட்டுச் சாப்பிடுங்க" என்றாள் மிகத் தாழ்ந்த குரலில். பொன்னுலிங்கம் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டான்.

மறுநாள் முத்துக்கனி அந்த நிறுவனத்துக்கு ஒரு முறையீட்டை எழுதினாள். பாடநூலில் அலுவலகக் கடிதத்துக்குச் சொல்லப்பட்ட இலக்கணம் ஒன்றையும் விடவில்லை. பெறுநர், பொருள், விளித்தல், செய்தி என்று எல்லாம் இருந்தன. "தங்கள் செயலியின் பொறுப்பின்மையால் ஒரு வாசகர் பலர்முன் தலைகுனிய நேர்ந்தது" என்று முடித்திருந்தாள். அத்துடன் நில்லாமல், வேறெந்த வரிகள் காணாமற்போயின என்று தேடவும் தலைப்பட்டாள். தேடத் தேடச் சினம் ஏறியது. அந்த ஒன்று மட்டுமன்று, பல போயிருந்தன.

சில நாள்களில் பதில் வந்தது. அது இவ்வாறு தொடங்கியது:

"அன்புள்ள சுயம்புராஜ் அவர்களுக்கு."

முத்துக்கனி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் பார்த்தாள். சுயம்புராஜ் அவர்களுக்குத்தான். "தாங்கள் குறிப்பிட்ட வரிகள் எங்கள் பிழையால் மறையவில்லை. அவற்றைத் தாங்களே மின்னஞ்சல் வழியாக நீக்கியுள்ளீர்கள். நீக்கியவை என்னும் பகுதியில் அவற்றைக் காணலாம், வேண்டுமாயின் மீட்டுக்கொள்ளலாம்."

இவ்விடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வளைகுடா நாட்டுக்குப் போனவர்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவரும் கைப்பேசியையோ டேப்பையோ, அந்தப் பக்கத்தில், பெட்டி பிரிக்காமல் நீட்டுவதில்லை. பெறுகிறவருக்கு ஒன்றும் தெரியாது என்று முன்கூட்டியே முடிவு செய்து, அங்கேயே பிரித்து, தம் மின்னஞ்சல் கணக்கை அதில் போட்டு, எல்லாவற்றையும் "செரியாக்கி"த்தான் தருவார்கள். சுயம்புராஜ் தந்த கருவிகள் அனைத்திலும் அவனது கணக்கே இருந்தது. முத்துக்கனியின் டேப்பிலும் அதுதான், பொன்னுலிங்கத்தின் கைப்பேசியிலும் அதுதான், சுயம்புவின் மகள் நந்தனா கல்லூரிக்குக் கொண்டுபோகும் டேப்பிலும் அதுதான். அதை ஒருவரும் சுயம்புவின் மெயில் என்று சொன்னதில்லை. "வீட்டு மெயில்" என்றார்கள். சமையல் எரிவாயுவுக்குப் பதிவு செய்தாலும், கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும், வீட்டு மெயில்தான். செயலியைத் தொடங்கும்போது "இந்தக் கணக்கில் நுழையலாமா?" என்று டேப் கேட்டது, முத்துக்கனி ஆமென்று தொட்டாள். பெயர் வீட்டு மெயில் ஆனாலும், செயலி அனுப்புவது தன் டேப்புக்கு மட்டும் வருவது என்றே அவள் எண்ணியிருந்தாள்.

நீக்கியவை என்னும் பகுதியைத் திறந்தாள். வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்தன. இயற்கை வருணனை ஒன்றுகூட அங்கில்லை. உவமைக்காக அவள் குறித்த வரிகள், தேர்வுக்காகக் குறித்த விளக்கங்கள் எவையும் இல்லை. அண்டி ஆபீஸ் என்று அவள் குறிப்பு எழுதிய வரிகள் இருந்தன. ஒன்பதாம் வகுப்பு என்று எழுதியவை இருந்தன. சுயம்பு என்ற பெயர் வரும் ஒவ்வொன்றும் இருந்தது. பிற யாவும் நலமாக இருக்க, அவை மட்டும் தேடிப் பொறுக்கி அப்புறப்படுத்தப்பட்டிருந்தன. பழுதுபட்ட இயந்திரம் கண்டதையெல்லாம் விழுங்கும். இப்படிப் பொறுக்கி எடுக்க அதற்கு வெட்கம் கிடையாது. இது வெட்கப்பட்ட ஒரு மனிதனின் விரல்.

அவள் மஸ்கட்டுக்கு அழைத்தாள்.

"அக்கா, சைட்டுல நிக்கேன். சாயங்காலம் கூப்பிடட்டா?" என்றான் சுயம்புராஜ். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"வேண்டாம்லே. ஒத்தக் கேள்விதான். என் வரியள நீ அழிச்சியா?"

இயந்திரத்தின் இரைச்சல் குறைந்தது. அவன் தள்ளி நடந்திருக்க வேண்டும்.

"எந்த வரி?"

"எந்த வரின்னு கேக்கியா. அப்ப ஒண்ணு ரெண்டு இல்ல."

"அக்கா, அது என் மெயிலாக்கும். காலைல எந்திச்சு ஆபீஸ் மெயிலு பாக்கதுக்கு போனத் தொறந்தா, அதுக்கு எடையில அண்டி ஆபீசு, பை, பாத்திரம். நான் என்ன செய்ய?"

"வாசிச்சிட்டு பேசாம இருக்கணும்."

"ஒனக்குச் சொல்லலாம். நந்தனாவுக்கும் அது போவுதுல்லா? 'அத்தைக்குப் படிப்பு ஏறல்ல, அதான் நின்னுட்டாவன்னு சொன்னிய, இதுல வேற மாதிரில்லா இருக்கு'ன்னு கேக்கா. பெத்த பிள்ள கேக்கும்போ நான் எங்க கொண்டு மூஞ்சிய வைக்க?"

முத்துக்கனி இருந்த இடத்திலிருந்து எழுந்தாள்.

"என்ன சொன்ன? படிப்பு ஏறல்லன்னா?"

"அது... பிள்ளையட்ட எல்லாத்தையும் விளக்கிச் சொல்ல முடியுமா? அப்பிடி ஒரு வாக்குச் சொன்னேன்."

"உள்ளதச் சொல்லிருக்கலாம்லா."

"உள்ளது என்ன? ஒன்ன நானா நிறுத்தினேன்? அப்ப நான் ஏழாங்கிளாசு. டவுசர் போட்ட பய. என்னட்ட ஆராவது கேட்டாவளா?"

இது உண்மை. முத்துக்கனி அதை மறுக்கவில்லை. அந்தக் காலையில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒன்றும் விளங்காமல் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே சாலையில் நடந்து போனது அவள் கண்ணில் இன்றும் நிற்கிறது. அவன்மேல் அவளுக்கு அன்றும் சினம் இருந்ததில்லை, அதற்குப் பின்னும் இருந்ததில்லை. இந்தத் தொலைபேசி அழைப்புக்கு முன்புவரை இருந்ததில்லை.

"அண்ணைக்கு நிறுத்தினது நீ இல்லலே. அம்மையும் அப்பாவும். ஒன்னச் சொல்லி எங்கயாவது ஒரு கொறை எழுதியிருக்கனா? அதே பள்ளிக்கூடத்துக்குப் போனான்னுதான் எழுதினேன். போனியா இல்லியா?"

"போனேன்."

"படிப்பு ஏறல்லன்னு சொன்னது ஆரு?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

"என்னைய ரெண்டாமதும் நிறுத்தினது நீயாக்கும்."

"நீ பெரிய எழுத்துக்காரியா ஆயிட்ட" என்றான் சுயம்புராஜ். அவன் குரலிலும் இப்போது சூடு ஏறியிருந்தது. "அந்த டேப்பு வாங்கித் தந்தது ஆருன்னு ஓர்மை உண்டா?"

"உண்டு. அதனாலதான் இவ்வளவு நேரமும் பைய பேசுகேன்."

"செரி, விடு. சண்ட எதுக்கு? ஒனக்குன்னு தனியா ஒரு மெயிலு உண்டாக்கிக்க. அங்க போய் என்ன வேணும்னாலும் எழுது. ஒருத்தரும் பாக்க மாட்டாவ. ஒனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"ஒருத்தரும் பாக்க மாட்டாவ" என்று முத்துக்கனி திருப்பிச் சொன்னாள்.

"ஆமா."

"வச்சிருலே" என்றாள். தானே வைத்தாள்.

அன்று முழுவதும் அந்தச் சொற்கள் அவளை விடவில்லை. ஒருவரும் பார்க்க மாட்டார்கள். முதலில் அது நியாயமாகத்தான் தோன்றியது. ஒருவர் வாசிப்பதும் குறிப்பதும் அவருடைய அந்தரங்கம். அதைத் தம்பி, தம்பி மகள் என்று எல்லாரும் படித்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. இவ்வளவு நாளும் குளியலறைக் கதவு திறந்து கிடந்ததை இப்போதுதான் அறிந்தவள் போலானாள். தனிக் கணக்கு வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த வரிகளையும் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டால் இங்கே மிஞ்சுவது என்ன? படிப்பு ஏறாத ஓர் அத்தை மட்டுமே மிஞ்சுவாள்.

எனவே முதலில் செய்ய வேண்டிய ஒன்றைச் செய்தாள். ஜான்ரோஸை அழைத்தாள்.

"சாரே, ஆப்பு மேல கொறையில்ல. கொறை என் வீட்டுலயாக்கும். கூட்டத்துல ஒங்களச் சொன்னது தப்பு."

"அதெல்லாம் நான் மனசுல வைக்கல்ல அக்கா."

"வைக்கத்தான் வேணும். தப்புன்னா தப்பு. ஆனா நீங்க சிரிச்சது எனக்குப் பிடிக்கல்ல."

"நான் சிரிக்கல்லியே."

"சிரிச்ச ஆளுவளுக்கு நடுவுல இருந்திய."

ஜான்ரோஸ் அதை ஏற்றுக்கொண்டார். பிறகு நடந்ததைக் கேட்டுவிட்டு, தனிக் கணக்கு தொடங்கும் முறையையும், வரிகளை அங்கே மாற்றும் முறையையும் விளக்கத் தொடங்கினார்.

"அது எனக்குத் தெரியும்" என்றாள் முத்துக்கனி. "ஒரு வரிய எத்தன நாளுக்கு ஒருக்க அனுப்பணும்னு நாமே சொல்ல முடியுமா? அதச் சொல்லுங்க."

முடியும் என்றார் அவர். வரியின் ஓரத்தில் ஒரு குறி இருக்கும். அதைத் தொட்டால் எப்போதாவது, அடிக்கடி, தினமும் என்று மூன்று காட்டும்.

அன்று மாலையே தன் பெயரில், தன் எண்ணில், முத்துக்கனி ஒரு கணக்கைத் தொடங்கினாள். இனி வாசிக்கப்போகும் நூல்களும், தேர்வுக்குரிய பாடங்களும், உவமைகளும், வருணனைகளும் அங்கே போயின. ஆனால் நீக்கப்பட்டவற்றை அவள் அங்கே கொண்டுபோகவில்லை. அவை ஒவ்வொன்றையும் மீட்டு, இருந்த இடத்திலேயே, வீட்டு மெயிலுக்குரிய பழைய கணக்கிலேயே வைத்தாள். சோற்றுப் பாத்திர வரிக்கு மட்டும் ஓரத்துக் குறியைத் தொட்டு, "தினமும்" என்பதைத் தேர்ந்தாள். அவன் மீண்டும் நீக்கலாம். நீக்கட்டும். நீக்குகிற பொத்தான் அந்த வரிக்குக் கீழேதான் இருக்கிறது; வரியைத் தாண்டித்தான் விரல் அங்கே போயாக வேண்டும்.

மறுநாள் காலையில் குலைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்த பொன்னுலிங்கம், கஞ்சிக்கு உட்கார்ந்தபடியே சொன்னான்:

"பை திரும்ப வந்தாச்சு போல."

முத்துக்கனி அகப்பையோடு நின்றாள். "எந்தப் பை?"

"பாத்திரம் வச்ச பை. கொஞ்ச நாளா காணல்லியேன்னு பாத்தேன்."

"இஞ்சேருங்க. ஒங்களுக்கு அது எப்பிடித் தெரியும்?"

"என் போன்லயும் ஒன் தம்பி மெயிலுதானே கெடக்கு. காலைல லோடு வருகதுக்கு முன்ன ஒரு சாயா குடிப்போம்லா, அப்ப அஞ்சும் வாசிப்பேன்."

"எண்ணையில இருந்து?"

"நீ அந்த ஆப்பு போட்ட நாள்ல இருந்து."

"எழுதினதையும் வாசிச்சியளா?"

"பின்ன? அதுல்லா ருசி. 'சந்தைக்குப் போனால் வீட்டை மறக்கும் ஆண்கள் எல்லா ஊரிலும் உண்டு'ன்னு ஒருக்க எழுதியிருந்த."

முத்துக்கனி அகப்பையைக் கீழே வைத்தாள். "அத ஏன் அழிக்கல்ல?"

"அதுல என்ன பொய் கெடக்கு அழிக்கதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் பொன்னுலிங்கம் பயற்றைக் கஞ்சியில் இட்டான்.

வேறொரு பெண் இவ்விடத்தில் நெகிழ்ந்திருக்கக்கூடும். முத்துக்கனி நெகிழவில்லை. குரல் இன்னும் தாழ்ந்தது.

"எல்லாருக்கும் போவுதுன்னு தெரிஞ்சும் என்னட்ட ஒரு வாக்கு சொல்லல்ல."

"சொன்னா நீ எழுதுகத நிறுத்தியிருப்ப."

"அது நான் முடிவு செய்ய வேண்டிய காரியம். தம்பி அழிச்சான், நீங்க ஒளிச்சு வாசிச்சிய. ரெண்டு பேரும் என்னட்ட கேக்கல்ல."

பொன்னுலிங்கம் எதிர்வாதம் செய்யவில்லை. அந்த அறிவு அவனுக்கு உண்டு. அன்று மதியம் அவன் தட்டில் குழம்பு மட்டும் விழுந்தது, மீன் விழவில்லை. மாலையில் தன் கைப்பேசியை அவளிடம் நீட்டி, "இனி இதுல வரண்டாம்னா நீயே எடுத்து விடு" என்றான்.

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள். "கெடக்கட்டும். வாசிச்சா வாசிச்சேன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

அன்று தொடங்கி ஒரு விசித்திரமான போர் நடந்தது. காலையில் வரி வீட்டு மெயிலுக்குப் போகும். மஸ்கட்டில் ஒரு விரல் அதை நீக்கும். புதுக்கடையில் முத்துக்கனி அடுப்பு வேலைகளுக்கு நடுவே டேப்பைத் திறந்து, நீக்கியவை பகுதிக்குப் போய், அந்த வரியையும் தன் குறிப்பையும் ஒருமுறை வாசித்துவிட்டு மீட்பாள். மீட்டவுடன் அந்த வரி அதே பொத்தான்களோடு வீட்டு மெயிலுக்கு மறுபடியும் போகும். சில நாள்களில் காலையில் மீட்டது மாலைக்குள் மறுபடி போயிருக்கும், மாலையிலும் மீட்பாள். அக்காவும் தம்பியும் இதைப் பற்றி ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் அவன் கட்டிய வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுந்த நாளின் ஆண்டு நிறைவு வந்தது. முத்துக்கனி அழைத்து, நன்றாயிருக்கிறாயா, சாப்பிட்டாயா என்று கேட்டாள். அவனும் நன்றாயிருக்கிறேன், சாப்பிட்டேன் என்றான். அடுத்த நாள் காலையில் வரி நீக்கப்பட்டிருந்தது. அவள் மீட்டாள்.

சினம் ஆறவில்லை. ஆறும் என்று எதிர்பார்த்தவளும் அல்லள். ஆயினும் அதன் தன்மை மாறியது. தொடக்கத்தில் அது அவளைப் பிடித்து ஆட்டியது. போகப் போக அது நாள்தோறும் செய்யும் ஒரு வேலையாயிற்று.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமையும் வந்தது. விட்ட இடத்திலிருந்து முத்துக்கனி பேசுவாள் என்று ஜான்ரோஸ் முன்னரே அறிவித்திருந்தார். தையல் நிலையத்தின் படிகளில் ஏறும்போது, பின்னாலிருந்து "அத்தே" என்று ஒரு குரல் கேட்டது. நந்தனா. நாகர்கோவிலிலிருந்து பேருந்தில் வந்திருந்தாள். வியர்த்திருந்தது.

"நீ எங்க மக்கா இஞ்ச?"

"நீங்க பேசுகியன்னு மாமா சொன்னாவ. வரலாம்லா?"

"வந்தாச்சுல்லா. பின்ன என்ன கேள்வி. வந்து இரி."

இம்முறையும் முன்னுரை தடையின்றிச் சென்றது. இம்முறையும் அவள், நாவலின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை ஒரே ஒரு வரியால் காட்டுவதாகச் சொல்லி, டேப்பைத் திறந்தாள். புறப்படும்போது அந்த வரி இருந்தது. இப்போது இல்லை.

ஜான்ரோஸ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். போன மாதம் சிரித்தவர்கள் இந்த மாதம் தரையைப் பார்த்தனர்.

முத்துக்கனி நீக்கியவை பகுதிக்குப் போகவில்லை. டேப்பை மூடித் தையல் இயந்திரம் ஒன்றின்மேல் வைத்தாள். நிமிர்ந்து நின்றாள்.

"'அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் நிறுத்தவில்லை'" என்று தொடங்கினாள். "'ஒரு நாள் காலையில் அவளுடைய சோற்றுப் பாத்திரம் வேறொரு பைக்குள் இருந்தது, அவ்வளவுதான்.'"

ஓரெழுத்தும் பிசகவில்லை. வாரக்கணக்கில் அந்த வரியை நாள்தோறும் தேடிப் பிடித்து, வாசித்து, மீட்டவளுக்கு அது எப்படிப் பிசகும்? எந்தச் செயலியும் அவள் நெஞ்சில் அப்படி ஒரு வரியைப் பதித்ததில்லை. பதித்தவன் மஸ்கட்டில் இருந்தான்.

"இதற்கு நான் எழுதிய குறிப்பையும் சொல்கிறேன்" என்றாள். அண்டி ஆபீசைச் சொன்னாள். ஒன்பதாம் வகுப்பைச் சொன்னாள். அதே பள்ளிக்கூடத்துக்குப் போன தம்பியின் பெயரைச் சொல்லும்போது பின்வரிசையில் நந்தனா இருந்த பக்கம் அவள் பார்க்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. குரல் தாழ்ந்தே இருந்தது. எல்லாரும் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்டனர்.

கூட்டம் கலைந்த பின்னர் நந்தனா அவளோடு சாலைச் சந்திப்புவரை நடந்தாள். சந்தையை ஒட்டிய சாலையில் பொன்னுலிங்கத்தின் கடைமுன் செவ்வாழைக் குலைகள் தொங்கின. அவன் இவர்களைக் கண்டும் காணாதவனைப் போல ஒரு குலையைத் திருப்பி வைத்தான்.

"அத்தே, அப்பா ராத்திரி கூப்பிடுவாவ" என்றாள் நந்தனா. "நான் என்ன சொல்ல?"

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம்."

"கேப்பாவ."

முத்துக்கனி பையிலிருந்து டேப்பை எடுத்தாள். சாலையோரமாக ஒதுங்கி நின்று, நீக்கியவை பகுதியைத் திறந்து, அந்த வரியைத் தொட்டு மீட்டாள். நந்தனாவின் பைக்குள் ஏதோ ஒலித்தது. கடையில் பொன்னுலிங்கத்தின் சட்டைப்பையிலும் ஒலித்தது.

"கேட்டா, காலைல மெயிலு பாக்கச் சொல்லு" என்றாள்.